ஆவாரம் பட்டையோடு குரோம் சேர்ந்தால்

நம்பிக்கை: ஏற்கெனவே தெரிந்த இரண்டைச் சேர்த்தால் காப்புரிமை கிடைக்காது.

கிடைக்கலாம். விண்ணப்பித்த நாளில், தொழிலில் தேர்ந்த ஒருவருக்கு அந்த இரண்டையும் சேர்க்கக் காரணம் இருந்ததா, சேர்த்தால் பலிக்கும் என்று எதிர்பார்த்திருப்பாரா என்பதே கேள்வி. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைக் குரோமில் மறுபடி பதனிட்டேன் என்று ஆம்பூரிலிருந்து கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதற்குச் ‘செமி குரோம்’ என்று பெயரே இருக்கிறது. பிக்கிள் வேறு கதை. உப்பும் அமிலமும் போட்டுப் பிக்கிள் செய்யாவிட்டால் குரோம் தோலின் மேற்பரப்பிலேயே படிந்துவிடும் என்பதுதான் பழைய பாடம். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தண்ணீரில்லாக் குரோம் முறையில் பிக்கிளே கிடையாது. இப்படி, நூல்கள் வேண்டாம் என்ற வழியில் போய் வென்றவரின் வாதம் வலுவானது.

நம்பிக்கை: இதுவரை யாரும் செய்யவில்லை, வேலையும் சுலபமாகிறது, அது போதும்.

போதாது. மிர்சாபூர் பாத்திரத் தொழிலில் எழுந்த வழக்கில், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குத் தந்த காப்புரிமை செல்லாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வெறும் பட்டறைத் திருத்தமாம். புதிய கருவியைக் காட்டாமல் சிக்கலையும் பழைய ஆவணத்தையும் மட்டும் தேர்ந்தவர் கையில் கொடுத்தால், தேவையானது இதிலேயே இருக்கிறது என்பாரா? நீதிமன்றம் வைத்த சோதனை அதுதான். விடையைப் பார்த்த பிறகு எல்லாமே சுலபமாகத் தெரியும் என்பதால், ‘காட்டாமல்’ என்பதை நம் வக்கீல்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

நம்பிக்கை: சேர்க்கச் சொல்லி எந்த நூலிலும் எழுதவில்லையே!

எழுதியிருக்க வேண்டியதில்லை. கார் ஆக்சிலரேட்டர் பெடலில் சென்சார் பொருத்திய கேஎஸ்ஆர் வழக்கில், சந்தைத் தேவையும் சாதாரணப் புத்தியுமே காரணமாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பாலாற்றுக் கரையில் அந்தத் தேவைக்குப் பஞ்சமில்லை. தோல் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்ததிலிருந்து, கழிவுநீரில் உப்பையும் குரோமையும் குறைக்க எந்தத் தோல் ஷாப்பு முயலவில்லை? ஆகவே ‘குறைக்க நினைத்தேன்’ என்பது யாரையும் அசைக்காது. கலவை என்றால் இன்னும் கடினம்: சேர்மானங்களின் குணங்கள் வெறுமனே கூடி நிற்பதை நம் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. பட்டை மட்டும், குரோம் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று டிரம்களின் அளவுகளையும் தேதியோடு குறித்துவைத்த பதிவேடுதான் அங்கே பேசும்.