சலம் தெளிவாகப் போனால் போதாது

வயிற்றிலோ விலாவிலோ வாள்வெட்டோ கத்திக்குத்தோ பட்டு மந்திகை ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்த்துவிட்டுக் கரவெட்டிக்குத் திரும்புகிறவர்கள் வீட்டாருக்கு ஓர் ஆறுதல் சொல்வார்கள். “சலத்தில ரத்தம் இல்லையாம், இனிப் பயமில்லை.” நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் சிறுநீர்க்கான் விடயத்தில் இந்த ஆறுதல் ஆளையே ஏமாற்றிவிடும்.

நம்பிக்கை: சலத்தில் இரத்தம் இல்லையென்றால் சிறுநீர்ப்பாதையில் காயம் இல்லை.

உண்மை: சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்கான் 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமானது. அகலம் குமிழ்முனைப் பேனையின் மைக்குழாய் அளவுதான். அது முழுதாக அறுந்துபோனால் அந்தப் பக்கத்துச் சலம் சலப்பைக்கு வந்து சேராது, இரத்தமும் வராது. மற்றச் சிறுநீரகம் அனுப்பும் தெளிந்த சலத்தையே நாம் பார்க்கிறோம். சிறுநீர்க்கான் காயப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்காவது சலத்தில் இரத்தம் தென்படுவதில்லை.

அறுந்த கானிலிருந்து கசிகிற சலம் குடலுக்குப் பின்புறம் தேங்குகிறது. சில நாட்கள் கழித்துக் காய்ச்சல், விலாநோ, வயிற்று வீக்கம், காயத்தால் நீர் வடிதல் என்று அது வெளிப்படும். வடிகிற நீரைச் சோதித்தால், அதில் கிரியற்றினின் என்னும் கழிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். அப்படியானால் அது சலம்தான்.

நம்பிக்கை: ஸ்கான் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை.

உண்மை: எந்த ஸ்கான், எப்போது எடுத்தது என்று கேட்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் நீர் தேங்கியிருப்பதைக் காட்டலாம். கான் அறுந்ததைக் காட்டாது. சி.ரி. ஸ்கானில்கூட மருந்து ஏற்றியவுடன் எடுத்த படம் போதாது. மருந்து சிறுநீரகத்தால் வடிந்து கானுக்குள் இறங்கச் சுமார் பத்து நிமிடம் வேண்டும். அதன்பின் எடுக்கும் படத்தில்தான் கசிவு தெரியும். இரத்த அழுத்தம் விழுந்து ஆள் நேரே தியேட்டருக்குப் போனால் ஸ்கானுக்கு நேரமில்லை. அப்போது வயிற்றைத் திறந்த சத்திரசிகிச்சையாளர், குடலையும் இரத்தக்குழாயையும் தைப்பதோடு நில்லாமல், காயம் போன வழியில் உள்ள சிறுநீர்க்கானையும் வெளிக்கொணர்ந்து கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் நீலச் சாயம் ஏற்றிக் கசிவு தேடுவார்கள்.

நம்பிக்கை: கான் அறுந்தால் சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதுதான். “ஒண்டு போனாலும் மற்றது இருக்குதானே.”

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1869இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் குஸ்தாவ் சிமோன், முந்திய ஒப்பரேசன் ஒன்றில் கான் சேதமாகிச் சலம் ஓயாமல் ஒழுகிய பெண்ணுக்குச் சிறுநீரகத்தையே எடுத்துக் காப்பாற்றினார். இன்று அது கடைசி வழி.

கத்தி வெட்டு நேரானது. ஓரங்களைச் சீராக்கித் தைக்கலாம். சன்னம் வேறு. அது பக்கத்தால் போனாலே கானின் நுண் இரத்தக்குழாய்கள் சேதமாகும்; அன்றைக்கு நல்லதாகத் தெரிந்த ஓரம் சில நாளில் செத்து ஓட்டை விழும். ஆகவே இரத்தம் கசியும் உயிருள்ள ஓரம் வரும்வரை வெட்டி, இரு முனைகளையும் சரிவாகத் திறந்து, இழுவை இல்லாமல், கரையும் மெல்லிய நூலால் தைத்து, உள்ளே டி.ஜே. ஸ்ரென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். சலப்பைக்குக் கிட்டக் காயமென்றால் கானை மறுபடி சலப்பையிலேயே பொருத்துவார்கள். நீளம் எட்டாவிட்டால் சலப்பையை மேலே இழுத்து இடுப்புத் தசையோடு தைப்பார்கள். ஆள் தாங்க மாட்டாத நிலையென்றால் கானைக் கட்டிவிட்டு, முதுகால் சிறுநீரகத்துக்குக் குழாய் போட்டுச் சலத்தை வெளியேற்றி, தேறியபின் திருத்துவார்கள். அது கைவிட்டதாகாது.

நம்பிக்கை: இது சண்டைக் காலத்துக் காயம், இப்போது இல்லை.

உண்மை: 1987 மே மாதத்து ஒப்பரேசன் லிபரேசன் படை நடவடிக்கைக் காலத்து ஷெல் பீசை உடம்பில் வைத்துக்கொண்டு வடமராட்சியில் இன்றும் நடமாடுகிறவர்கள் உண்டு. ஆனால் இன்று உலகெங்கும் சிறுநீர்க்கான் அதிகம் காயப்படுவது ஒப்பரேசன் மேசையில்தான், குறிப்பாகக் கருப்பை எடுக்கும்போது. கருப்பைக்குப் போகும் நாடிக்குக் கீழால் கான் ஓடுவதே காரணம். கருப்பை எடுத்தபின் சலம் ஒழுகினால் “வயசுக்கு இது வழமை” என்று அம்மாமார் துணி மாற்றிக்கொண்டு வெட்கத்தில் ஒளித்துவைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இது திருத்தக்கூடிய காயம். மகளிடமாவது சொல்லுங்கள், கிளினிக்குக்குப் போங்கள்.

நம்பிக்கை: நோ இல்லாவிட்டால் ஸ்ரென்ட் கிடக்கட்டும்.

உண்மை: கிடக்கக் கூடாது. தைத்த இடம் ஆறியபின், வழமையாக நாலு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். மறந்து விட்டால் அதில் கல் படிந்து, கிருமி தொற்றி, காப்பாற்றிய சிறுநீரகமே பழுதாகலாம். வீட்டுக்கு வருமுன் கிளினிக் கொப்பியைத் திறந்து, ஸ்ரென்ட் எடுக்க வேண்டிய திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.