பிடித்தம் செய்த பணம் கணக்கில் சேர்கிறதா?

நகராட்சியிலும் மாநகராட்சியிலும் வேலை செய்வோர் அனைவருக்கும் ஒரே பாதுகாப்பு இருப்பதில்லை. நிரந்தர ஊழியர்களுக்கு அரசு விதிப்படி ஓய்வூதியம் உண்டு, 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால், குப்பை அள்ளுவோர், சாக்கடை சுத்தம் செய்வோர், குடிநீர்க் குழாய் திறப்போர், தெருவிளக்கு பராமரிப்போர் ஆகியோரில் பலர் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர்கள். இவர்களுக்கு என்ன உரிமை உண்டு?

சட்டம் என்ன சொல்கிறது?

1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 8.1.2011 அன்று வெளியான மத்திய அரசு அறிவிக்கை மூலம் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அரசு விதிப்படி ஓய்வூதியமோ வைப்பு நிதியோ பெறாதவர்கள் இதன் கீழ் வருவார்கள். ஒப்பந்ததாரர் பணம் கட்டத் தவறினால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உள்ளாட்சி அமைப்பே பொறுப்பேற்க வேண்டும்.

கணக்கு எப்படி?

அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்காக 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் தொழிலாளியிடம் பிடிக்கப்படும். அதே தொகையை வேலையளிப்பவரும் கட்ட வேண்டும். அவர் கட்டுவதில் ஏறத்தாழ 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகும், மீதி பி.எஃப். கணக்கில் சேரும். இ.எஸ்.ஐ. பொருந்தும் இடங்களில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம் (90 ரூபாய்). வேலையளிப்பவரின் பங்கு 3.25 சதவீதம் (390 ரூபாய்).

குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

இ.எஸ்.ஐ. மூலம் குடும்பத்தினருக்கும் மருத்துவம் உண்டு. வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. பி.எஃப். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு விதவை ஓய்வூதியம் பெறும் உரிமை வந்துவிடும். அதோடு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகையும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியிருப்பது மட்டும் போதாது. உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதந்தோறும் வரவைப் பாருங்கள்.

2. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

3. நாமினி பதிவு செய்யுங்கள். திருமணத்துக்கு முன் செய்த பதிவு செல்லாது. திருமணத்துக்குப் பின் புதிதாகச் செய்ய வேண்டும்.

4. ஒப்பந்ததாரர் மாறினாலும் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள்.

5. பணம் கட்டப்படவில்லை என்றால், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களுடன் ஆணையருக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

நம் தெருவைச் சுத்தம் செய்பவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், அவருடைய பாஸ்புக்கைத் திறந்து பார்த்துச் சொல்வது கைப்பேசி பழகிய நம் இளைஞர்களுக்குப் பத்து நிமிட வேலை. அந்தக் குடும்பத்துக்கோ அது வாழ்நாள் பாதுகாப்பு.