கச்சானுக்கு ஒரு முறை, மாரிக்கு ஒரு முறை

மட்டக்களப்பில் தோல் கெடுவதற்கு இரண்டு காலம் உண்டு. கச்சான் வீசினால் காய்ந்து வெடிக்கும். மாரி பிடித்தால் ஊறிப் புண்ணாகும். வருடம் முழுவதும் ஒரே மாதிரிக் குளித்து, ஒரே கிறீமைப் பூசிக்கொண்டிருந்தால் ஒன்றிலிருந்து தப்பி மற்றதில் மாட்டிக்கொள்வோம்.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுபோகிறது. அதுதான் கச்சான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை படுவான்கரை வயல்வெளியைக் கடந்து, வாவியையும் தாண்டி எழுவான்கரை வீடுகளுக்குள் புகும். வருடத்து மழையில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரி வரை, வாடையோடு வந்துவிடும்.

தோலின் மேற்படை என்பது செத்த கலங்களும் அவற்றை ஒட்டிவைத்திருக்கும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய மறிப்பு. கொழுப்புப் போனால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். ஆகவே கோடையில் நம் வேலை, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மறிப்பது. மாரியில் மிஞ்சிய ஈரத்தைத் துடைப்பது. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கும்.

1. தோலையும் தண்ணீரையும் சோதியுங்கள்

முன்கையில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால் தோல் வறண்டிருக்கிறது.

பிறகு கிணற்று நீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில், கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கங்களில், கிணறுகள் கோடையில் உவர்ப்பது புதிதல்ல. ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குக் கிணற்று நீர் எடுத்து, சவர்க்காரக் கட்டியிலிருந்து இரண்டு சீவல் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழும்பி நின்றால் மென்னீர். நுரை அடங்கி, நீர் கலங்கி, மேலே வெள்ளைத் திரள் மிதந்தால் வன்னீர். அந்தத் திரள் குளிக்கும்போது தோலிலும் படியும். அரிப்புக்கும் சொரசொரப்புக்கும் அது ஒரு காரணம். அப்படிப்பட்ட கிணறு என்றால் அதிலேயே குளியுங்கள், ஆனால் கடைசி ஒரு வாளி குழாய் நீராகவோ பிடித்துவைத்த மழை நீராகவோ இருக்கட்டும். வாவியிலோ கடலிலோ தொழில் செய்து வருபவர்கள் உப்புக் காயுமுன் நன்னீர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

2. குளியலைச் சுருக்குங்கள்

பத்து நிமிடம் தாராளம். மார்கழி, தை விடியலில் குளிருகிறது என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், கொழுப்பு அத்தனையும் கரைந்து ஓடும். வெதுவெதுப்புப் போதும்.

தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 5க்குக் கிட்ட. சாதாரணச் சவர்க்காரக் கட்டியின் அளவு 9, 10. அதனால் அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சவர்க்காரம் போடுங்கள். கை, கால், முதுகுக்குத் தண்ணீர் போதும். வியர்வை கசகசத்தால் பயத்தம் மா தேய்க்கலாம். தும்பு போட்டு உரஞ்சுவதைக் கச்சான் காலத்தில் விட்டுவிடுங்கள்.

3. மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள்

துவாயால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். உடம்பு ஈரலிப்பாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் மறிப்பதற்கு உள்ளே ஈரம் மிஞ்சியிருக்காது.

எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு முழுகுவது நம் வழக்கம். உடம்பு பிடித்துவிட்ட சுகம் அதில் உண்டு. ஆனால் தேய்த்த எண்ணெயை அரப்பு கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வறட்சிக்கு எண்ணெய் தேவைப்படுவது முழுகிய பிறகுதான்.

எதைப் பூசுவது? சுத்தமான தேங்காய் எண்ணெய் சாதாரண வறட்சிக்குப் போதும். நீரை மறிப்பதில் வஸ்லீனை மிஞ்சியது கிடையாது, விலையும் கட்டுப்படியாகும். முழங்கை, கணுக்கால், உதட்டுக்கு அதையே வையுங்கள். கிளிசரினைத் தனியாகப் பூசாமல் நீர் கலந்து பூசுங்கள். பித்தவெடிப்புக்கு 10 வீத யூரியா கிறீம் பாமசியில் கிடைக்கும். இரவில் பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்கலாம். வளர்ந்தவர் ஒருவரின் உடம்பு முழுவதற்கும் ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் கிறீம் வேண்டும். விலைகூடிய சிறு டப்பாவை வாங்கிச் சிக்கனம் பிடிப்பதைவிட மலிவானதைத் தாராளமாகப் பூசுவது நல்லது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கட்டும்.

4. வெயிலை மறியுங்கள்

முகில் இல்லாத நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இலங்கையில் சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்சப் படி. தோணியில் போகிறவர்களுக்கும் வயலில் நிற்பவர்களுக்கும் முதல் மருந்து அகன்ற தொப்பியும் நீளக்கைச் சட்டையும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் முடிந்தவரை நிழல் தேடுங்கள். வெயில் கிறீம் பூசுவதானால் எஸ்.பி.எப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், வியர்த்தாலோ நனைந்தாலோ அதன் பிறகும் மறுபடி பூச வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் பளபளக்கும் என்பது பாதி உண்மை. உடலில் நீர் குறைந்தவருக்கு அது பலன் தரும். போதிய நீர் உள்ளவருக்கு மேலும் குடிப்பதால் தோல் மாறப்போவதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதியது குடிக்கிறீர்கள். கச்சான் வெயிலில் வேலை செய்பவர்கள் மோர், இளநீர், வத்தகப்பழம் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

5. மாரியில் முறையை மாற்றுங்கள்

மழை தொடங்கியதும் எண்ணெயைக் குறையுங்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது. நனைந்த சாரத்தோடும் உள்ளாடையோடும் இருக்காதீர்கள். காயாத உடுப்பைப் போடவே கூடாது. விரலிடுக்கு, அக்குள், மார்பின் கீழ், தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் துடைத்து உலரவிட்டால் சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் பெரும்பாலும் வராது.

வந்துவிட்டால் அயலவர் தந்த கிறீமைப் பூசாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீம் இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். அடியிலே படர்தாமரை பரவிக்கொண்டிருக்கும்.

மாரிப்போகத்துக்கு வயலில் இறங்குகிறவர்கள் கால் வெடிப்பையும் கீறலையும் அலட்சியம் செய்யக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் போகக்கூடும். காயத்தை மூடிக்கட்டுங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

6. வெள்ளையாக்கும் கிறீமைத் தொடாதீர்கள்

உள்ளடக்கப் பட்டியல் இல்லாமல், ஒரு வாரத்தில் வெள்ளை என்று விற்கும் கிறீம்களில் பாதரசமோ வீரியமான ஸ்டீரொயிட்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்து, வெயில் பட்டாலே எரியவைக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களையும் தடைசெய்கிறது.

7. எப்போது வைத்தியரிடம் போவது?

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு அடங்காவிட்டால், வெடிப்பில் சீழ் வந்தால், நீரிழிவுக்காரர் காலில் சிறு புண் கண்டால் உடனே போங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, உணர்ச்சியற்ற தேமல். வெளிறியோ சிவந்தோ ஒரு படை இருந்து, அதில் பஞ்சால் தொட்டாலும் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். பிரித்தானியர் காலத்தில் அந்த நோயாளர்களை வாவிக்குள் இருக்கும் மாந்தீவு வைத்தியசாலையில் ஒதுக்கிவைத்தார்கள். இன்று ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. நோயின் தன்மையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை எடுத்தால் முற்றாகக் குணமாகும், மருந்தும் இலவசம். மறைத்துவைத்தால் கைகால் ஊனம் மிஞ்சும். அப்படியொரு படை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் எண்ணெயும் கிறீமும் பூசி நாளைக் கடத்தாமல், இந்தக் கிழமையே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.