வளைகுடாக் கடைகளில் வேலை: விசாச் செலவு யாருடையது?

துபாய், அபுதாபி போன்ற நகரங்களின் பேரங்காடிகளில் சரக்கு அடுக்குதல், பொட்டலமிடுதல், கல்லாவில் அமர்தல் ஆகிய தொடக்கநிலை வேலைகளுக்கு இந்திய இளைஞர்கள் பெருமளவில் செல்கின்றனர். அங்கு வேலை விசாவுக்குப் பொறுப்பேற்பவர் முதலாளியே ஆவார்.

ஆயினும், ‘விசாப் பணம்’ என்று முகவர்கள் சிலர் பெருந்தொகை கேட்பதுண்டு. நகையை அடகு வைத்துச் செல்பவரின் முதல் சில மாதச் சம்பளம் வட்டிக்கும் அசலுக்குமே போய்விடுகிறது. வருவாயைப் பெருக்க மேற்கொண்ட பயணம் கடனைப் பெருக்குகிறது.

சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் முதலாளி வசூலிப்பதைத் தடை செய்கிறது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம் என விதித்தது. அவரது சேவைக் கட்டணத்துக்கு, வரி நீங்கலாக, 30,000 ரூபாய் என உச்சவரம்பு உண்டு.

ஆகவே, புறப்படுமுன் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, முகவரின் பதிவை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் சரிபார்த்தல். இரண்டாவது, பதவி, அடிப்படைச் சம்பளம், பணிநேரம் ஆகியவற்றை வேலைக் கடிதத்தில் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுதல். அமீரகத்தில் இக்கடிதம் தமிழ், இந்தி, மலையாளம் உள்ளிட்ட மொழிகளிலும் வழங்கப்படுகிறது. மூன்றாவது, சுற்றுலா விசாவில் அனுப்ப முன்வந்தால் மறுத்துவிடுதல். அவ்விசாவில் பணிபுரிவது அங்குக் குற்றமாகும்.

பத்தாம் வகுப்புத் தேறாதோர், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியையும் பெறவேண்டும். அவ்வனுமதியுடன் கட்டாயக் காப்பீடும் சேர்ந்து வருவதால், அதனைத் தவிர்ப்பவர் தமக்குரிய பாதுகாப்பையே இழக்கிறார்.