நிறம் மாறும் கல்லும் ஆர்க்கிமிடிஸ் தத்துவமும்

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி, பாட்டியின் மோதிரத்திலிருந்து கழன்ற கல்லைக் கொண்டுவந்தாள். "அலெக்சாண்ட்ரைட் டீச்சர். இதை வித்துத்தான் அண்ணனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டப்போறோம்" என்றாள்.

1830களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட கல் அது, இலங்கையிலும் கிடைக்கிறது. அதிலுள்ள குரோமியம் மஞ்சள் ஒளியை உட்கவர்ந்து, பச்சையையும் சிவப்பையும் வெளிவிடுகிறது. எனவே பகலொளியில் பச்சை; குண்டு பல்பு ஒளியில் சிவப்பு. மாணவியின் கல்லோ சாம்பல் கலந்த நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறியது.

நிறத்தை மட்டும் நம்பாமல் அடர்த்தியைக் கண்டோம். கல்லின் நிறை 2.00 கிராம். எலக்ட்ரானிக் தராசில் நீர்க்குவளையை வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் படாமல் மூழ்கவிட்டோம். தராசு 0.50 கிராம் காட்டியது. 2.00 ÷ 0.50 = 4.0. அலெக்சாண்ட்ரைட் என்றால் ஏறத்தாழ 3.73 வரவேண்டும். இது நீலக்கல் வகையான குருந்தம். கைலென்சில் வளைந்த கோடுகள் தெரிந்தன. அவை சுடரில் உருக்கிச் செய்யும் செயற்கைக் கல்லின் அடையாளம்; இயற்கைக் குருந்தத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் அலெக்சாண்ட்ரைட்டும் உண்டு. அதன் அடர்த்தி இயற்கைக் கல்லுடையதே என்பதால், இரண்டையும் பிரித்தறிய ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும்.

விடையைக் கரும்பலகையில் எழுதியதும் அவள் முகம் வாடியது. தவறு என்னுடையது, முதலில் தனியாகச் செய்து பார்த்திருக்கவேண்டும். மாலையில் அவள் அம்மாவை வரவழைத்துக் கணக்கை விளக்கினேன். அண்ணனுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பினோம். இப்போது இச்சோதனைக்குக் கூழாங்கல்லும் கண்ணாடிக் கோலியும்தான் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.