தேயிலையைத் துளைக்கும் வண்டும் அதன் பூஞ்சணமும்

தேயிலைச் செடியில் பென்சில் பருமனுள்ள கிளைகளில் கடுகு நுழையுமளவு சிறு துளையும், அதன் வாயில் மரத்தூளும் காணப்படின், அது துளை வண்டின் வேலையென்று கொள்ளலாம். ஆனைமலைத் தோட்டங்களிலும் இலங்கையிலும் நெடுங்காலமாகச் சேதம் விளைவித்து வரும் பூச்சி இது.

இவ்வண்டு மரத்தைத் தின்று பிழைக்கிறது என்பது பலருடைய எண்ணம். அஃது சரியன்று. குடைந்தெடுத்த தூளை அது வெளியே தள்ளிவிடுகிறது. அதன் ஆகாரம் துளையின் சுவரில் வளரும் ஒருவகைப் பூஞ்சணமேயாகும். 1947-ஆம் ஆண்டில் இலங்கையில் காட், லூஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனை விவரித்துப் பெயரிட்டனர்.

பூஞ்சணம் அங்கு வந்து சேரும் விதம் வியக்கத்தக்கது. பெண் வண்டின் தாடைகளுக்கருகே நுண்ணிய பைகள் இரண்டு உண்டு. பிறந்த துளையை விட்டுப் பறக்குமுன், பூஞ்சண வித்துக்களை அது அப்பைகளில் அடக்கிக்கொள்கிறது. விதைநெல்லைக் கோட்டை கட்டிக் காக்கும் குடியானவனும் இதற்கு மேல் செய்வதில்லை! புதிய கிளையைக் குடைந்து, சுவரில் வித்திட்டு, முட்டையிடுகிறது. புழுக்கள் படர்ந்த பூஞ்சணத்தையே மேய்ந்து வளர்கின்றன. ஆண் வண்டு பறக்கமாட்டாது. துளைக்குள்ளேயே உடன்பிறந்த பெண்களைக் கூடி மடிகிறது. எனவே வெளியேறும் பெண் வண்டு, கருவும் விதையும் ஒருங்கே கொண்டே புறப்படுகிறது. ஒன்று வந்தாலும் ஒரு குடும்பம் வந்ததேயாம்.

துளை கிளையை வளையமாகச் சுற்றிச் செல்வதால், காற்றிலும் கொழுந்தெடுப்போர் கை பட்டும் கிளை ஒடிகிறது. பழைய துளைகளின் வழியே மர அழுகலும் புகுகிறது.

உள்ளே வாழும் பூச்சியை மருந்து எளிதில் எட்டாது. 1950-க்குப் பிந்திய ஆண்டுகளில் இலங்கையில் இதற்கென டீல்ட்ரின் தெளித்தபோது, இலை சுருட்டிப் புழுவை அடக்கி வந்த ஒட்டுண்ணிக் குளவி மடிந்து, அப்புழு பெருகிற்று. ஒன்றைத் தீர்க்கப்போய் மற்றொன்று நேர்ந்தது.

பூஞ்சணத்துக்கு ஈரம் இன்றியமையாதது. கிளை உலர்ந்தால் பூஞ்சணம் நசிக்கும்; புழுக்கள் பட்டினியால் சாகும். மெல்லிய சுள்ளிகள் விரைவில் உலரும். பருத்த கிளைகள் பலநாள் ஈரம் காக்குமாதலால், கவாத்து முடிந்தவுடன் துளையுள்ளவற்றைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். விறகுக்கென்று அவற்றை நிழலில் அடுக்கி வைக்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அவ்வடுக்கிலிருந்தே வண்டுகள் புறப்பட்டுப் புதுக் கிளைகளை நாடும். நல்ல உரம் பெற்ற செடி துளையின் வாயை விரைவில் மூடிக்கொள்ளும். ஆமணக்கிலும் இவ்வண்டு பெருகுமாதலால், தோட்டத்து ஓரங்களில் தானாக முளைத்த ஆமணக்கையும் களைந்தெறிதல் வேண்டும்.