பல்லின் சொத்தையும் மின்கருவிகளும்

பற்சொத்தையைப் 'பூச்சிப்பல்' என்று வழங்குதல் நம் மதுரைப் புறத்தும் உண்டு. பல்லினுள் புழுவொன்றிருந்து அரிக்கின்றதென்னும் பழைய எண்ணத்தின் எச்சமே இப்பெயர். பாபிலோனியரும் அவ்வாறே நம்பினர். உண்மையில், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கச்செய்து அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் மேலோடாகிய எனாமலைக் கரைக்கின்றது. இரு பற்கள் நெருங்கி நிற்குமிடத்துத் தோன்றுஞ் சொத்தை மருத்துவரின் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. நோவெடுத்தபின் அறிவதோ பெரும்பாலும் காலங்கடந்த அறிவாம்.

இக்குறையை முதலில் நீக்கியது எக்ஸ் கதிர். 1895-ஆம் ஆண்டு ராண்ட்ஜன் அதனைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் வாக்ஹாஃப் பற்களைப் படமெடுத்தார். அதற்கு 25 நிமிடங்கள் சென்றன! சுண்ணச்சத்து மிக்க இடம் படத்தில் வெண்மையாகவும், அது கரைந்த இடம் கருமையாகவும் தோன்றும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கெல்ஸ் என்பார் கருவியைச் சோதிக்கும்பொருட்டுத் தம் கையையே பன்முறை கதிர்முன் நீட்டினார்; அதனாற் புண்ணுற்று, விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்தார். இன்று நொடிப்பொழுதிற் படமெடுத்துக் கணினித் திரையிற் காண்கின்றோமெனின், அதற்கு முன்னோர் கொடுத்த விலை சிறிதன்று.

எக்ஸ் கதிருக்கும் ஓர் எல்லையுண்டு. சுண்ணச்சத்து கணிசமாகக் கரைந்த பின்னரே படத்திற் கருமை தோன்றும். ஆதலின் வேறு கருவிகளை நாடினர். 1998-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த டயக்னோடென்ட் என்பது எழுதுகோல் போன்ற நுனியினின்று செந்நிற லேசர் ஒளியைப் பல்லின்மேற் பாய்ச்சும். நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற பொருள்கள் அவ்வொளியை ஏற்றுத் தாமும் ஒளிரும். அவ்வொளிர்வைக் கருவி அளந்து 0 முதல் 99 வரை ஓர் எண்ணாற் காட்டும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கருவி அளப்பது ஒளிர்வையேயன்றிச் சொத்தையை அன்று. வெற்றிலைக் கறையும் பற்காரையும்கூட எண்ணை உயர்த்திக் காட்டவல்லன. மதுரை மாவட்டத்தின் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதியென ஆய்வாளர் கண்டுள்ளனர். இளமை முதல் அந்நீரைப் பருகுவோர்க்கு எனாமல் செவ்வனே உரம்பெறாமற் பழுப்புத் திட்டுக்கள் தோன்றுவதுண்டு. அத்தகைய பல்லிலும் எண் உயர்தல் கூடும். எண்ணை மட்டும் நம்பி நற்பல்லைக் குடைந்துவிடின், குடைந்த எனாமல் மீண்டும் வளராது. கீழவெளி வீதியிலுள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி போன்றவற்றிற் பயிலும் நம் நண்பர்கட்கு, மேலைநாட்டுப் பற்களை நோக்கி வகுத்த அளவு உசிலம்பட்டிப் பக்கத்துப் பல்லுக்கும் பொருந்துமோ என்பது ஆராயத்தக்க வினாவென்பது என் கருத்து.

ஆகவே தேர்ந்த மருத்துவர் முதலிற் பல்லைத் துலக்கி, உலர்த்தி, கண்ணால் நோக்கி, வேண்டின் படமுமெடுத்து, அதன்பின்னரே கருவியின் எண்ணை ஒப்பிடுவர். குழி விழாத் தொடக்கச் சொத்தையாயின் குடையாமல், ஃபுளூரைடு மருந்தைப் பூசிச் சில திங்கள் கழித்து மீண்டும் அளப்பர். நீரில் மிகுந்துழிப் பல்லைக் கெடுக்கும் அப்பொருளே, அளவறிந்து பூசியவழிக் கரைந்த எனாமலை மீண்டும் உரப்படுத்துகின்றது.